கேள்வி – பதில்: மருந்து விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது

தொலைக்காட்சியில் வரும் மருந்து விளம்பரங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை இணைத்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். சொந்த நோய் விவரங்களோடு வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் கடைசியில் எடுத்துக்கொண்டேன். மற்றவற்றில் உள்ளவை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை.

கேள்வி: ஒரு கொழுப்புக் குறைப்பு மாத்திரை மாரடைப்பு வரும் வாய்ப்பை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைப்பதாக விளம்பரம் சொல்கிறது. அப்படியானால், அதைச் சாப்பிடும் மூன்று பேரில் ஒருவர் மாரடைப்பிலிருந்து தப்பிக்கிறார் என்றுதானே பொருள்?

பதில்: அப்படிப் பொருள் இல்லை. ஆனால் அப்படிப் புரிந்துகொண்டது உங்கள் பிழையும் இல்லை. கேட்பவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தேதான் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஃபைசர் நிறுவனம் லிப்பிட்டார் என்ற பெயரில் விற்ற அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அது மாரடைப்பு அபாயத்தை 36 சதவீதம் குறைக்கிறது என்று விளம்பரங்கள் பெரிய எழுத்தில் அறிவித்தன. அச்சு விளம்பரத்தில் அந்த எண்ணின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. அதைப் பின்தொடர்ந்து அடிக்குறிப்புக்குப் போனால், ஒரு பெரிய ஆய்வில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கும், லிப்பிட்டார் சாப்பிட்டவர்களில் 2 சதவீதம் பேருக்கும் மாரடைப்பு வந்தது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 33 சதவீதம்தானே வரும், 36 எங்கிருந்து வந்தது என்று கணக்கில் கெட்டிக்காரர்கள் கேட்கலாம். ஆய்வில் கிடைத்த எண்கள் 3.0, 1.9 என்பவை. அடிக்குறிப்பு எழுதியவர்கள் 1.9 என்பதை 2 ஆக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஆய்வில் சேர்க்கப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லோரும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள். அதோடு வயது, புகைபிடித்தல் போன்ற வேறு மூன்று அபாயக் காரணிகளாவது இருந்தவர்கள். அவர்களை ஏறத்தாழ 3.3 ஆண்டுகள் கண்காணித்தார்கள். இதையே நூறு பேர் கணக்கில் சொன்னால் படம் தெளிவாகும். அந்தக் காலத்தில் 97 பேருக்கு மாத்திரை சாப்பிடாவிட்டாலும் மாரடைப்பு வந்திருக்காது. ஏறத்தாழ இரண்டு பேருக்கு மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டும் வரும். ஒருவருக்கு மட்டும் வரவிருந்தது வராமல் போகும், ஆனால் அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

36 சதவீதமும் உண்மை, நூற்றில் ஒருவர் என்பதும் உண்மை. முதலாவது சார்புக் குறைப்பு, அதாவது இருந்த அபாயத்தில் எத்தனை பங்கு குறைந்தது என்ற கணக்கு. இரண்டாவது முழுமைக் குறைப்பு, அதாவது நூறு பேரில் எத்தனை பேருக்குக் குறைந்தது என்ற கணக்கு. சார்புக் கணக்கு, அபாயம் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது. ஆயிரத்தில் இருவருக்கு வரும் நோய் ஒருவருக்கு வருவதாகக் குறைந்தாலும் ‘ஐம்பது சதவீதக் குறைப்பு’தான், ஆயிரத்தில் நானூறு பேருக்கு வரும் நோய் இருநூறாகக் குறைந்தாலும் அதே ஐம்பதுதான். ஒரே விளம்பரம் நன்மையைச் சதவீதக் குறைப்பாகவும், பக்கவிளைவை ‘நூற்றில் ஒருவருக்கு’ என்றும் வெவ்வேறு அளவுகோல்களில் சொன்னால் அங்கே எச்சரிக்கையாக இருங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அது பயனுள்ள மருந்து. ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்தவர்களுக்குத் தொடக்க அபாயமே அதிகம் என்பதால், நூற்றில் காப்பாற்றப்படுவோர் எண்ணிக்கையும் கூடும். உங்கள் சொந்த அபாயம் எவ்வளவு, மாத்திரையோடு அது எவ்வளவாகும் என்ற இரண்டு எண்களையும் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வெள்ளை அங்கி அணிந்து திரையில் பேசுபவர் உண்மையிலேயே மருத்துவர்தானா?

பதில்: பெரும்பாலும் நடிகர். அப்படியில்லாத போதும் நிம்மதியடைய முடியாது. மேலே சொன்ன அதே லிப்பிட்டார் விளம்பரத்தில் 2006 முதல் தோன்றியவர், செயற்கை இதயத்தை உருவாக்கியதற்காகப் புகழ்பெற்ற ராபர்ட் ஜார்விக். மருத்துவப் பட்டம் பெற்றவர்தான், ஆனால் நோயாளிகளுக்குச் சிகிச்சையளிக்கும் உரிமம் பெற்றவர் அல்லர். விளம்பரத்தில் அவர் ஏரியில் படகு வலிப்பது போன்ற காட்சி வரும், அதில் துடுப்பு வலித்தவர் வேறொருவர். அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையைத் தொடங்கிய பின், 2008 பிப்ரவரியில் நிறுவனம் அந்த விளம்பரங்களைத் திரும்பப் பெற்றது. அங்கே ‘நான் உங்களுக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவர்’ என்று யாரும் சொல்லவில்லை. பார்ப்பவர்கள் தாங்களாகவே அப்படி நினைத்துக்கொண்டார்கள்.

‘பத்தில் ஒன்பது மருத்துவர்கள் பரிந்துரைப்பது’ என்பதும் இந்த வகைதான். எந்த மருத்துவர்களிடம், என்ன கேள்வி, எத்தனை விடைகளைக் கொடுத்துக் கேட்டார்கள் என்பது தெரியாதவரை அதற்கு மதிப்பில்லை.

கேள்வி: ஒரே நிறுவனம் முதுகுவலிக்கு ஒன்று, ஒற்றைத் தலைவலிக்கு ஒன்று, மாதவிடாய் வலிக்கு ஒன்று என்று தனித்தனி மாத்திரைகளை விற்கிறது. விளம்பரத்தில் மாத்திரை நேரே வலிக்கும் இடத்துக்குப் போய் ஒளிர்வதுபோலக் காட்டுகிறார்கள். மருந்துக்கு அப்படி இடம் தெரியுமா?

பதில்: தெரியாது. விழுங்கிய வலிநிவாரணி இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்து ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் உடல் முழுவதும் அதைக் கொண்டுபோகிறது. ஐபுப்ரோஃபென் போன்ற மருந்து, வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாவதைத் தடுக்கிறது. அந்த வேலை முதுகிலும் நடக்கும், தலையிலும் நடக்கும். இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அதே வேதிப்பொருள்தான் என்பதால் அங்கேயும் நடக்கும். புண்ணும் ரத்தக்கசிவும் வருவது அதனால்தான். திரையில் ஒளிரும் சிவப்பு வட்டம் இரைப்பையின் மேல் ஒருநாளும் விழுவதில்லை.

நீங்கள் கேட்பது ஆஸ்திரேலியாவில் வழக்காகவே நடந்தது. அங்கே ரெக்கிட் பென்கிசர் நிறுவனம் நியூரோஃபென் என்ற பெயரில் முதுகுவலி, மாதவிடாய் வலி, ஒற்றைத் தலைவலி, இறுக்கத் தலைவலி ஆகிய நான்குக்கும் நான்கு தனி அட்டைகளை விற்றது. நான்கிலும் இருந்தது அதே 342 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் லைசின்தான், விலையோ சாதாரண நியூரோஃபெனைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. இது மக்களைத் தவறாக வழிநடத்துவது என்று 2015 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலில் 17 லட்சம் ஆஸ்திரேலிய டாலராக இருந்த அபராதம், அது போதாது என்று ஆணையம் செய்த மேல்முறையீட்டில் 60 லட்சமாக உயர்ந்தது. பிரிட்டனிலும் மூட்டுவலி, முதுகுவலிக்கான நியூரோஃபென் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றை, மாத்திரை குறிப்பாக அந்த இடத்தைத் தேடிப்போகிறது என்ற எண்ணத்தை உண்டாக்குவதாகச் சொல்லி, விளம்பரத் தர ஆணையம் 2016-இல் தடை செய்தது.

காசு வீணாவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து, இரண்டும் வேறு வேறு மருந்து என்று நம்பி, முதுகுக்கு ஒன்றும் தலைக்கு ஒன்றுமாகச் சேர்த்து விழுங்குவது. பாராசிட்டமாலில் இது இன்னும் மோசம். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, உடல்வலி மாத்திரை என்று மூன்று பெயர்களில் மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கக்கூடும். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவாகப் பொதுவாகச் சொல்லப்படும் 4 கிராமைத் தெரியாமலே தாண்டிவிட்டால் கல்லீரல் பாதிக்கப்படும். அட்டையின் முன்பக்கம் இருக்கும் பெயரை மறந்துவிட்டு, பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் படிக்கும் வழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் பழக்குங்கள்.

கேள்வி: ‘மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று வரைபடத்தோடு காட்டும்போது நம்பாமல் இருப்பது எப்படி? ஆய்வே நடத்தாமல் அப்படிச் சொல்ல முடியுமா?

பதில்: ஆய்வு நடந்திருக்கும். அந்த ஆய்வில் என்ன தெரியவந்தது என்பதுதான் கேள்வி.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் பல ஆண்டுகளாக இடைவிடாமல் ஓடிய பிரிவேஜென் என்ற நினைவாற்றல் மாத்திரையின் கதையை இதற்குச் சொல்லலாம். ஜெல்லி மீனில் முதலில் கண்டறியப்பட்ட ஒரு புரதம் அதில் இருப்பதாகவும், 90 நாளில் நினைவாற்றல் மேம்படுவதாகவும் சொல்லி, ஏறுமுகமான வரைபடத்தைக் காட்டினார்கள். நிறுவனம் 218 பேரை வைத்து முறையாகவே ஒரு சோதனை நடத்தியிருந்தது. ஒரு பகுதியினருக்கு மாத்திரை, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை என்ற அமைப்பிலும் குறையில்லை. ஆனால் மொத்தமாகக் கணக்கிட்டபோது, ஒன்பது வகைத் தேர்வுகளில் எதிலும் மாத்திரை சாப்பிட்டவர்கள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை. அதற்குப் பிறகு ஆய்வில் இருந்தவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, முப்பதுக்கும் மேற்பட்ட முறை மறுபடி மறுபடி கணக்கிட்டார்கள் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2017-இல் தொடர்ந்த வழக்கில் குறிப்பிட்டது. அப்படிப் பிரித்ததில் சாதகமாகத் தெரிந்த ஒரு சில முடிவுகள்தான் விளம்பரத்துக்குப் போயின.

இது ஏன் தவறு என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் இதில் பொய் இல்லை. புள்ளியியலில் வழக்கமாக ஏற்கப்படும் எல்லையின்படி, எந்தப் பயனும் இல்லாத ஒரு மாத்திரைகூட இருபது ஒப்பீடுகளில் சராசரியாக ஒன்றில் தற்செயலாகப் பயன் உள்ளதுபோலத் தோன்றும். முப்பது முறை பிரித்துப் பார்த்தால் ஓரிரு ‘வெற்றிகள்’ கிடைக்காமல் போனால்தான் ஆச்சரியம். தோல்வியடைந்த ஒப்பீடுகளைச் சேர்த்துக் காட்டியிருந்தால் பார்ப்பவருக்கே உண்மை விளங்கியிருக்கும். வழக்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இழுத்தது. நினைவாற்றலை மேம்படுத்துகிறது என்று விளம்பரம் செய்யக்கூடாது என்ற தடையுத்தரவு 2024 டிசம்பரில்தான் வந்தது. அந்த ஆண்டுகள் முழுவதும் மாத்திரை விற்பனையில்தான் இருந்தது.

நான் இந்த வரைபடங்களில் முதலில் பார்ப்பது கீழேயுள்ள எழுத்தை. எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள், எவ்வளவு காலம் என்ற மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வரைபடத்தை ஓவியமாக மட்டும் ரசித்துவிட்டுப் போகலாம். ‘முன்பு – பின்பு’ என்று ஒரே நபரை இரு முறை காட்டுவது ஒப்பீடு ஆகாது. வலியோ அரிப்போ மிகக் கடுமையாக இருக்கும் நாளில்தான் எவரும் மருந்தைத் தேடுவார்கள். உச்சத்தில் இருப்பது தானாகவே கொஞ்சம் இறங்கும், இறங்கியதற்கான பெயர் மாத்திரைக்குப் போகும்.

கேள்வி: மூன்றே நாளில் சளி குணமாகும் என்று சொல்வது?

பதில்: சாதாரணச் சளிக்காய்ச்சல் ஏழு முதல் பத்து நாளில் தானாகவே போய்விடும். பலருக்கு மூன்றாம் நாளுக்குப் பிறகு இறங்குமுகம்தான். மூக்கடைப்பைத் திறப்பதாகச் சொல்லிப் பல கூட்டு மாத்திரைகளில் சேர்க்கப்படும் ஃபினைலெஃப்ரின், வாய்வழி சாப்பிடும்போது வெற்று மாத்திரையைவிட மேலானது இல்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக முடிவு செய்தது. பல பத்தாண்டுகள் விளம்பரத்தில் ஓடிய மருந்து அது.

கேள்வி: பக்கவிளைவுகளைச் சொல்லும் நேரத்தில் குரல் மட்டும் ரயில் வேகத்தில் ஓடுகிறது. சட்டப்படி சொல்லிவிட்டார்கள் என்றால் அது போதுமா?

பதில்: மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே வாங்கக்கூடிய மருந்துகளைப் பொதுமக்களுக்கு நேரடியாக விளம்பரம் செய்ய முழுமையாக அனுமதிக்கும் நாடுகள் அமெரிக்காவும் நியூசிலாந்தும் மட்டும்தான். மற்ற இடங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சீட்டு இல்லாமல் கிடைக்கும் மருந்துகளின் விளம்பரம். அமெரிக்காவில் 1997-இல் வெளியான வழிகாட்டுதல், முக்கிய அபாயங்களை மட்டும் ஒலியில் சொல்லிவிட்டு, முழு விவரத்துக்குத் தொலைபேசி எண்ணையோ இணைய முகவரியையோ காட்டினால் போதும் என்றது. மருந்து விளம்பரங்கள் தொலைக்காட்சியில் பெருகியது அதன் பிறகுதான்.

குரலின் வேகத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள். படம் என்ன செய்கிறது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. டியூக் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரூத் டே இதை ஆராய்ந்தார். மூக்கில் அடிக்கும் ஒவ்வாமை மருந்தான நேசோனெக்ஸ் விளம்பரத்தில் ஒரு தேனீ வரும். மருந்தின் நன்மையைச் சொல்லும்போது அதன் சிறகுகள் நிதானமாக இருந்தன. பக்கவிளைவுகள் வாசிக்கப்படும்போது அதே சிறகுகள் படபடவென்று அடித்துக்கொண்டன என்று அவர் காட்டினார். கண் அசைவின் பின்னால் ஓடும், காது பின்தங்கிவிடும். கல்லீரல் பாதிப்பு என்ற சொல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் பேத்தி தாத்தாவைக் கட்டிப்பிடித்தால் மனத்தில் தங்குவது கல்லீரல் இல்லை. இந்தக் காரணத்தால்தான், 2023-இல் அங்கே இறுதியாக்கப்பட்ட விதி, அபாய அறிவிப்பு எளிய சொற்களில், ஒலியிலும் எழுத்திலும் ஒரே நேரத்தில் வர வேண்டும், அந்த நேரத்தில் கவனத்தைச் சிதறடிக்கும் ஒலியோ காட்சியோ இருக்கக்கூடாது என்று சொல்கிறது.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: போதாது. கேட்டவருக்குப் போய்ச் சேராத எச்சரிக்கையால் பயனடைவது, ‘நாங்கள்தான் சொன்னோமே’ என்று பின்னால் வாதாடப் போகும் வழக்கறிஞர் மட்டுமே.

கேள்வி: இத்தனை சட்டங்கள் இருந்தும் ஏன் நிற்கவில்லை, ஐயா? தண்டனையே கிடையாதா?

பதில்: உண்டு, ஆனால் தாமதமாக வரும். லிஸ்டரின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்து சளியையும் தொண்டைவலியையும் தடுக்கும் என்று அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் விளம்பரம் செய்யப்பட்டது. 1975-இல் வர்த்தக ஆணையம் தலையிட்டு, ‘சளியையோ தொண்டைவலியையோ லிஸ்டரின் தடுக்காது, அவற்றின் கடுமையைக் குறைக்கவும் செய்யாது’ என்ற திருத்த வாசகத்தை, ஏறத்தாழ ஒரு கோடி டாலர் விளம்பரச் செலவு முடியும்வரை நிறுவனமே சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விளம்பரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது, மக்கள் மனத்தில் ஏற்கெனவே பதிந்த நம்பிக்கையையும் அகற்ற வேண்டும் என்ற அந்த வாதம் எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. பேயர் நிறுவனத்தின் யாஸ் கருத்தடை மாத்திரைக்கும் 2009-இல் இதே கதி ஏற்பட்டது. மாதவிடாய்க்கு முந்தைய சாதாரண மனச்சோர்வுக்கும் எல்லா வகை முகப்பருவுக்கும் அது மருந்து என்ற எண்ணத்தை ஏற்படுத்தியதற்காக, 2 கோடி டாலர் செலவில் திருத்த விளம்பரம் ஒளிபரப்ப அது ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், உயர் ரத்த அழுத்தம், உடல் பருமன், உயரத்தைக் கூட்டுவது உள்ளிட்ட 54 நிலைகளைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தில் தோன்றும் பிரபலமும் தப்ப முடியாது. 2022-இல் வந்த வழிகாட்டுதல்களில் ஒன்று எனக்குப் பிடித்தமானது: பொறுப்புத் துறப்பு வாசகம், கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் வாக்குறுதியும் ஆங்கிலத்தில் எறும்பெழுத்தும் ஓடுவதை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்.

சட்டத்தில் எழுதியிருப்பது ஒன்று, அதை யாராவது எடுத்துப் பயன்படுத்துவது வேறொன்று. புகார் வந்த பிறகே இயந்திரம் நகர்கிறது. முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கும் ஏற்பாடு இல்லாதவரை, விளம்பரம் முதலில் ஓடிவிடும், தீர்ப்பு பின்னால் நடந்து வரும்.

கேள்வி: என் அப்பா இதய வால்வு அறுவைச் சிகிச்சைக்குப் பின் வார்ஃபரின் சாப்பிடுகிறார். மூட்டுவலிக்கு, தொலைக்காட்சியில் ‘பாதுகாப்பானது’ என்று சொல்லும் ஒரு ஐபுப்ரோஃபென் மாத்திரையை வாங்கித் தரச் சொல்கிறார். தரலாமா?

பதில்: தராதீர்கள். வார்ஃபரின் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. ஐபுப்ரோஃபென் இரைப்பையின் பாதுகாப்பைக் குறைப்பதோடு, ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதையும் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரைப்பை, குடல் ரத்தக்கசிவுக்கான அபாயம் கணிசமாக உயரும். விளம்பரத்தில் சொல்லும் ‘பாதுகாப்பு’, வேறு நோயில்லாத, வேறு மருந்து சாப்பிடாத ஒருவர் சில நாள் மட்டும் சாப்பிடுவதை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. உங்கள் அப்பா அவர் இல்லை. மேலே பூசும் வலிநிவாரணிக் களிம்புகளில் சிலவும் வார்ஃபரினோடு ஒத்துப்போகாதவை என்பதால் அதையும் கேட்காமல் வாங்காதீர்கள். இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் பாராசிட்டமால்தான் முதல் தேர்வு. ஆனால் அதையும் நாள்தோறும் தொடர்ந்தால் வார்ஃபரினின் வேகம் கூடலாம், ரத்த உறைவுச் சோதனையை முன்னதாகவே செய்துபார்க்க வேண்டியிருக்கும். எனவே அவருடைய இதய மருத்துவரிடம் மூட்டுவலியைச் சொல்லி, அளவையும் நாட்களையும் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ஓரிரு மாத்திரை சாப்பிட்டிருந்தாரானால், மலம் தார்போலக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற துகளோ தெரிந்தாலோ, காரணமில்லாத மயக்கமும் களைப்பும் வந்தாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.